தேர்தலில் நிற்கும் கட்சியை ஏன் தீவிரவாதம் என்கிறார்கள்? தீவிர வலதுசாரி இயக்கங்கள் பற்றி ஒரு விளக்கம்

2025 ஆகஸ்ட் 31 அன்று ஆஸ்திரேலியாவின் பெரிய நகரங்களில் குடியேற்றத்தை எதிர்த்து ஊர்வலங்கள் நடந்தன. அதற்காகப் பரப்பிய துண்டறிக்கையில் இந்தியர்களைப் பெயர் சொல்லியே குறிவைத்திருந்தார்கள். மெல்போர்னில், ஹிட்லரின் நாஜிக் கொள்கையைப் பின்பற்றும் ஒரு குழுவின் தலைவர் மேடையேறிப் பேசினார். அதே மாதத் தொடக்கத்தில் அயர்லாந்தில் இந்தியர்கள் மீது தொடர்ந்து தாக்குதல் நடந்ததால், டப்ளினில் உள்ள இந்தியத் தூதரகம் கவனமாக இருக்கும்படி எச்சரித்தது. செப்டம்பர் 13 அன்று லண்டனில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இதே உணர்வோடு திரண்டார்கள்.

சேலத்தில், ஆத்தூரில், ஓமலூரில் பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ அனுப்பிவிட்டு இருக்கும் வீடுகளில் இவை தூரத்துச் செய்திகள் இல்லை. இந்தச் செய்திகளில் ‘தீவிர வலதுசாரி’, ‘அதிவலது’, ‘புதிய நாஜி’, ‘பாசிசம்’ என்று பல சொற்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுகின்றன. கூடவே ஒரு குழப்பமும் வருகிறது. இவர்களில் சிலர் கட்சி நடத்துகிறார்கள், தேர்தலில் நின்று கோடிக்கணக்கில் ஓட்டு வாங்குகிறார்கள். மக்கள் ஓட்டுப்போட்ட கட்சி எப்படி ஜனநாயகத்துக்கு ஆபத்தாக முடியும்? நியாயமான கேள்விதான். அதற்கு அடியில் இருந்து விடை தேடுவோம்.

முதலில் சொற்கள்

‘வலது’, ‘இடது’ இரண்டும் 1789-ல் பிரான்சின் தேசிய சபையில் பிறந்த சொற்கள். சபை இயற்றும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் மன்னருக்கு வேண்டும் என்றவர்கள் அவைத்தலைவரின் வலப்பக்கம் கூடி உட்கார்ந்தார்கள், எதிர்த்தவர்கள் இடப்பக்கம். அன்றைய இருக்கை வரிசை இன்றுவரை பெயராக நிற்கிறது.

வலதுசாரி என்றால் பொதுவாக மரபு, மதம், குடும்பம், தனிச்சொத்து, நாட்டுப்பற்று ஆகியவற்றுக்கு முதலிடம் தருபவர், மாற்றம் மெதுவாக வரட்டும் என்று நினைப்பவர். இதில் தீவிரவாதம் எதுவும் இல்லை. அப்படிப்பட்டவர்களும் இருந்தால்தான் ஜனநாயகத்தில் விவாதமே நடக்கும். குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒருவர் சொல்வதாலேயே அவர் தீவிரவாதி ஆகிவிடமாட்டார். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிடிக்காதவர்களையெல்லாம் பாசிஸ்ட் என்று அழைத்தால், உண்மையான பாசிஸ்ட் வரும்போது சொல்வதற்குச் சொல் மிஞ்சாது.

தீவிர வலதுசாரி என்ற பெயருக்குள் இரண்டு வகையினர் இருக்கிறார்கள்.

1. தேர்தலை ஏற்பவர்கள். பெரும்பான்மை பெற்றவர் ஆளலாம் என்பதில் இவர்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பெரும்பான்மைக்குக் கடிவாளம் போடும் சிறுபான்மையினர் உரிமை, சுதந்திரமான நீதிமன்றம், பத்திரிகை ஆகியவற்றை ஏற்கமாட்டார்கள்.

2. தேர்தலையே ஏற்காதவர்கள். பிறப்பால் சிலர் உயர்ந்தவர், சிலர் தாழ்ந்தவர் என்பதை வெளிப்படையாகச் சொல்பவர்கள். வன்முறையை வழியாகக் கொள்பவர்கள். புதிய நாஜிக் குழுக்கள் இந்த வகை.

ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு ஆட்களும் பேச்சும் போய்வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் கோடு எங்கே இருக்கிறது என்று ஐரோப்பிய நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வாதாடுகிறார்கள்.

நம் கேள்விக்கான விடையின் முதல் பாதி இங்கே இருக்கிறது. ஜனநாயகத்துக்கு ஓட்டு ஒரு கால், சமம் இன்னொரு கால். நான் ஓட்டுப்போட்ட கட்சி தோற்றாலும் என் வீடு, என் வேலை, என் வழிபாடு, என் உயிர் பத்திரமாக இருக்கும் என்ற உறுதிதான் அந்த இரண்டாவது கால். அதை வெட்டிவிட்டு நடக்கும் தேர்தல், தலைகளை எண்ணும் வேலையாகச் சுருங்கிவிடும். தமிழர்களுக்கு இதை விளக்க ஐரோப்பா வரை போகவே தேவையில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப்போயின. ஓட்டுப்போடுவதற்காக எழுதிய அதே பட்டியல்.

ஊர் மாறினாலும் மாறாத கதை

எந்த நாட்டுத் தீவிர வலதுசாரி இயக்கத்தை எடுத்தாலும் அதன் பேச்சில் ஒரே கதை திரும்பத் திரும்ப வரும்.

1. உண்மையான மக்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. மற்றவர்கள் எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் விருந்தாளிகள்தான்.

2. ஒரு காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது. யாரோ வந்து கெடுத்தார்கள்.

3. எண்ணிக்கையில் அதிகமாக இருப்பவர்களே இப்போது ஆபத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளை பெறுகிறார்கள், நாம் குறைகிறோம்.

4. நம் வீட்டுப் பெண்களை அவர்கள் ஏமாற்றித் தூக்கிப்போகிறார்கள்.

5. நீதிபதி, பத்திரிகையாளர், பேராசிரியர் எல்லோரும் அவர்களுக்கு விலைபோனவர்கள். தலைவர் ஒருவரே நம்மைக் காப்பாற்ற முடியும்.

இதில் மூன்றாவதுதான் உயிர் குடிப்பது. ஐரோப்பாவின் வெள்ளை மக்களை அகற்றிவிட்டு வேறு மக்களைக் குடியேற்றச் சதி நடக்கிறது என்ற ‘பெரும் மாற்றீடு’ கற்பனை, 2011 வாக்கில் பிரான்சில் இந்தப் பெயரைப் பெற்றுப் பரவியது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் தன் அறிக்கைக்கு வைத்த தலைப்பே அதுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் எல் பாசோவில் 23 பேர். 2022 மே மாதம் பஃபலோ நகரில் 10 பேர். மூன்று இடத்திலும் கொலைகாரர்கள் சொன்ன காரணம் ஒன்றே.

கொல்லப்படுபவர்கள் யார் என்பதில் கொலைகாரர்கள் நுணுக்கம் பார்ப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 2012 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் ஓக் கிரீக்கில் வெள்ளை இனவெறியன் ஒருவன் புகுந்து சுட்டது சீக்கியர்களின் குருத்வாராவில். அன்று ஆறு பேர் இறந்தார்கள். படுகாயத்தோடு ஆண்டுக்கணக்கில் கிடந்த ஏழாமவர் 2020-ல் இறந்தார். நாங்கள் நல்ல குடியேறிகள், படித்தவர்கள், வரி கட்டுபவர்கள், எங்களை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கை நம் ஆட்களிடம் நிறையவே இருக்கிறது. தோலைப் பார்த்துச் சுடுபவன் சான்றிதழைப் பார்ப்பதில்லை.

நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று ஒரே ஆள் 77 பேரைக் கொன்றான். ஓஸ்லோவில் குண்டு வைத்து 8 பேர். பிறகு உட்டோயா தீவில் தொழிலாளர் கட்சியின் இளைஞர் முகாமில் 69 பேர். குடியேறிகளை வரவேற்கும் கட்சியின் அடுத்த தலைமுறையை அழிப்பதுதான் அவன் திட்டம். அந்தத் தீவில் இருந்து குளிர்ந்த ஏரியில் நீந்தித் தப்பியவர்களில் ஒருவர் கம்ஷாஜினி குணரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோரோடு நார்வே போனவர். 2015-ல் ஓஸ்லோவின் துணை மேயர் ஆனார். 2021-ல் நார்வே நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்.

‘மண்ணின் மைந்தர்’ கணக்கை சேலத்தில் போட்டுப் பார்த்தால்

கதையின் முதல் வரி ‘உண்மையான மக்கள்’. அதைச் சோதிக்க சேலத்தைவிட நல்ல ஊர் கிடைக்காது.

நகரத்தின் நெசவுத் தெருக்களில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் முன்னோர் குஜராத்தில் இருந்து பல நூற்றாண்டுகளில் நகர்ந்து நகர்ந்து வந்தவர்கள். கன்னடம் பேசும் தேவாங்கர்கள் உண்டு. வீட்டில் தெலுங்கும் உருதும் பேசுபவர்கள் உண்டு. சேலம் பட்டு என்று நாம் பெருமையாகச் சொல்வது இத்தனை பேரின் கைவேலை.

சரி, மலைமேல் இருக்கும் பழங்குடி மக்களாவது ‘ஆதியில் இருந்து இங்கேயே’ இருந்தவர்களா? சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினருடைய (கேரளத்தவர் அல்லர்) கதை வேறு மாதிரி சொல்கிறது. காஞ்சிபுரத்தில் இருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு வந்தார்களாம். மூத்தவர் சேர்வராயன் மலையில் குடியேற, மற்றவர்கள் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்களாம். ஏற்காட்டின் அடையாளமான காப்பி 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் மலையேறியது. மலை, மக்கள், பயிர் என எதை எடுத்தாலும் வந்து சேர்ந்த கதைதான்.

இன்றைக்குக் கட்டட வேலையிலும் ஓட்டல்களிலும் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் நிற்கிறார்கள். ‘வடக்கன்’ என்ற சொல் சமூக ஊடகத்தில் கேலியாகத் தொடங்கி வசவாக மாறிவிட்டது. ஆஸ்திரேலியத் துண்டறிக்கையைப் படித்துக் கொதிக்கும் அதே விரல் இந்தக் கேலியை முன்னனுப்புகிறது. இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டிலும் ‘அவர்கள் வந்து நம் இடத்தைப் பிடிக்கிறார்கள்’ என்ற வாக்கியம் மாறாமல் இருக்கிறது.

ஓட்டுப்பெட்டி வழியாக வந்து ஓட்டுப்பெட்டியை மூடியது: ஜெர்மனி

விடையின் மறுபாதிக்கு வரலாற்றைப் பார்க்கவேண்டும். ஹிட்லர் மக்களின் பெரும்பான்மை ஓட்டில் ஆட்சிக்கு வந்தார் என்று பரவலாகச் சொல்வார்கள். எண்களைப் பாருங்கள். 1928 தேர்தலில் நாஜிகள் பெற்றது 2.6 சதவீதம். உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. 1930-ல் 18.3. வேலையில்லாதவர்கள் 60 லட்சத்தை நெருங்க, 1932 ஜூலையில் 37.3. அதுதான் சுதந்திரமான தேர்தலில் அவர்கள் தொட்ட உச்சம். நான்கே மாதத்தில், 1932 நவம்பரில் நடந்த மறுதேர்தலில் 33.1 சதவீதமாகக் குறைந்தது. 20 லட்சம் ஓட்டு போய்விட்டது. கட்சி இறங்குமுகத்தில் இருந்தது.

இறங்கிக்கொண்டிருந்தவரை ஏற்றிவிட்டவர்கள் யார்? பழமைவாத அரசியல்வாதிகள். முன்னாள் பிரதமர் ஃபான் பாப்பன், குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கைச் சம்மதிக்க வைத்தார். ஹிட்லருக்குக் கூட்டம் சேர்க்கத் தெரியும், நமக்கு ஆளத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து அடக்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமர் ஆனார். அமைச்சரவையில் அவரையும் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர்.

பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள்.

1. பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அவசர ஆணை. பேச்சு, பத்திரிகை, கூட்டம் சேரும் உரிமைகள் போயின.

2. மார்ச் 5 தேர்தல், தெருவில் அடியாட்களின் நடுவே. அப்போதும் 43.9 சதவீதம்தான்.

3. மார்ச் 23 அன்று, நாடாளுமன்றம் இல்லாமலே அரசு சட்டம் இயற்றலாம் என்ற மசோதா. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தவை எல்லாமே சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டுகள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். கத்தோலிக்க மையக் கட்சி ஆதரித்து ஓட்டுப்போட்டது.

4. ஜூலை 14 அன்று வேறு எந்தக் கட்சியும் கூடாது என்று சட்டம்.

ஜனவரி முதல் ஜூலை வரை ஆறு மாதத்துக்கும் குறைவு. ஒவ்வொரு படியிலும் கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. இத்தாலியிலும் 1922-ல் இதேதான் நடந்தது. பாசிசக் கட்சித் தலைவர் முசோலினியின் கருஞ்சட்டைப் படை ரோமை நோக்கி வந்தபோது, ராணுவச் சட்டம் கொண்டுவரும் ஆணையில் கையெழுத்திட மன்னர் மறுத்துவிட்டு அவரையே பிரதமராக அழைத்தார்.

இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். தீவிர வலதுசாரிகள் தங்கள் சொந்த பலத்தால் ஜனநாயகத்தை உடைத்தது அரிது. மரியாதைப்பட்ட, மிதமான, பக்கத்து வீட்டு அரசியல்வாதிகள் ஓட்டுக் கணக்குக்காக உள்ளே இருந்து தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார்கள்.

தாழ்ப்பாளைத் திறக்காதவர்கள்

அதே காலத்தில் பின்லாந்தில் நடந்ததைப் பலர் அறியமாட்டார்கள். 1929-ல் லாப்புவா என்ற ஊரில் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு இயக்கம் ஒன்று எழுந்தது. பழமைவாதிகள் பலர் முதலில் அதைத் தட்டிக்கொடுத்தார்கள். இயக்கத்தினர் தங்களுக்குப் பிடிக்காதவர்களைக் கடத்தி, வண்டியில் ஏற்றி, சோவியத் எல்லையில் தள்ளிவிடத் தொடங்கினார்கள். 1930-ல் முன்னாள் குடியரசுத் தலைவர் ஸ்டால்பெர்க்கையும் அவர் மனைவியையுமே கடத்தினார்கள். 1932-ல் மான்ட்சாலா என்ற இடத்தில் ஆயுதத்தோடு கூடி, அரசைக் கலைக்கச் சொன்னார்கள்.

அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் ஸ்வின்ஹூவுட். தீவிர கம்யூனிஸ்ட் எதிர்ப்பாளர். அந்த இயக்கத்தின் ஆதரவோடுதான் பதவிக்கு வந்திருந்தார். அவர் வானொலியில் பேசினார். வீட்டுக்குப் போங்கள், போகிறவர்களுக்குத் தண்டனை இல்லை, தலைவர்களைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றார். கூட்டம் கலைந்தது. இயக்கம் தடை செய்யப்பட்டது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்குவதற்காக அந்த இயக்கமே கேட்டு வாங்கிய குடியரசுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழேயே தடை வந்தது.

எதிரணியினர் ஆயிரம் பேர் கத்தியிருந்தாலும் அந்தக் கூட்டம் கலைந்திருக்காது. ‘நம்ம ஆள்’ என்று நினைத்தவர் சொன்னதால் கலைந்தது.

இன்றைய ஜெர்மனியில் இதற்குத் ‘தீச்சுவர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தீவிர வலதுசாரிக் கட்சியோடு கூட்டணி இல்லை, அதன் ஓட்டைக்கொண்டு எதையும் நிறைவேற்றுவதில்லை என்று மற்ற கட்சிகள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. 2013-ல் யூரோ நாணயத்தை எதிர்த்துப் பிறந்த ஏ.எஃப்.டி. கட்சி, 2015 அகதிகள் வருகைக்குப் பிறகு குடியேற்ற எதிர்ப்பைக் கையில் எடுத்து, 2025 பிப்ரவரி தேர்தலில் 20.8 சதவீதம் பெற்று இரண்டாம் இடத்துக்கு வந்தது. அந்தத் தேர்தலுக்குச் சற்று முன்பு, ஜனவரியில், பழமைவாதக் கட்சி கொண்டுவந்த குடியேற்றத் தீர்மானம் ஒன்று ஏ.எஃப்.டி. ஓட்டோடு நிறைவேறியது. தீச்சுவரில் விரிசல் என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒரு தீர்மானத்துக்கு இவ்வளவு கூச்சலா என்று வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். 1933-ஐப் பள்ளியில் படித்த மக்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

கைபேசி என்ன மாற்றியது

முன்பு ஒரு இயக்கத்தில் சேர கூட்டத்துக்குப் போகவேண்டும், நாலு பேர் பார்ப்பார்கள். இப்போது அறைக்குள் உட்கார்ந்தே சேரலாம். காணொளித் தளங்களின் கணிப்புமுறை, நாம் எதை அதிக நேரம் பார்க்கிறோமோ அதைவிடக் காரமானதை அடுத்துத் தரக்கூடும். கோபம்தான் ஆளை அதிக நேரம் உட்காரவைக்கிறது என்பதால் கோபம் விற்பனைச் சரக்காகிவிட்டது.

கிறைஸ்ட்சர்ச் கொலைகாரன் படுகொலையை முகநூலில் நேரலை செய்தான். நேரலையாகப் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் அதன் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக முகநூல் சொன்னது. கொலையே விளம்பரமாக, அடுத்த கொலைகாரனுக்குப் பாடமாக அமைக்கப்பட்டிருந்தது. பஃபலோ கொலைகாரன் அந்தப் பாடத்தைத்தான் படித்திருந்தான். ‘தனி ஆள்’ என்று போலீஸ் சொல்லும்போது, ஆயுதம் தூக்கியவன் ஒருவன் என்பதுவரை உண்மை. அவன் படித்ததும் அவனுக்குக் கைதட்டியதும் ஒரு கூட்டம்.

வதந்தி வேலை செய்யும் விதத்துக்கு இங்கிலாந்தின் சவுத்போர்ட் தெளிவான உதாரணம். 2024 ஜூலை 29 அன்று அங்கே மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். குற்றவாளி படகில் வந்த முஸ்லிம் அகதி என்று ஒரு பொய்ப்பெயரோடு செய்தி பரவியது. பிடிபட்டவன் வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் பிறந்த 17 வயதுப் பையன். உண்மை மக்களைச் சென்று சேர்வதற்குள் மசூதி தாக்கப்பட்டது. அடுத்த நாட்களில் புகலிடம் கேட்டு வந்தவர்கள் தங்கியிருந்த விடுதிகளுக்குத் தீ வைக்கும் அளவுக்குப் போனது.

இதைப் படிக்கும்போது திருவண்ணாமலை மாவட்டம் நினைவுக்கு வராமல் போகாது. 2018 மே மாதம், வடமாநிலக் குழந்தை கடத்தல் கும்பல் சுற்றுகிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலைத் தேடிப்போன ஒரு குடும்பம், வழியில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. ஊர் கூடி அடித்தது. 65 வயது மூதாட்டி இறந்துபோனார். அவர் தமிழர்தான். அந்தக் கும்பலுக்குப் பின்னால் இயக்கம் எதுவும் இல்லை. வெறும் பயத்துக்கே இவ்வளவு சக்தி என்றால், பயத்தைத் திட்டமிட்டுத் தயாரிப்பவர்கள் கையில் அது என்ன ஆகும்? 2023 மார்ச்சில் அதையும் கொஞ்சம் பார்த்தோம். தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. தொழிலாளர்கள் பயந்து ரயிலேறினார்கள். பிகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நிலைமையைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த முறை பொய்க்கதையில் கொலைகாரக் கூட்டமாகக் காட்டப்பட்டது நாம்.

தடை செய்துவிட்டால் தீருமா?

எளிதாக வாயில் வரும் தீர்வு இது. அப்புறம்தான் சிக்கல்கள் தெரியும்.

1949-ல் எழுதிய ஜெர்மன் அரசியல் சட்டம், ஜனநாயகத்தை ஒழிக்க முனையும் கட்சியைத் தடை செய்ய வழி வைத்தது. அந்த அதிகாரத்தை அரசிடம் கொடுக்கவில்லை, அரசியல் சட்ட நீதிமன்றத்திடம் மட்டும் கொடுத்தது. ‘தற்காத்துக்கொள்ளும் ஜனநாயகம்’ என்பது இதன் பெயர். 1952-ல் நாஜிகளின் வாரிசுக் கட்சியும் 1956-ல் கம்யூனிஸ்ட் கட்சியும் தடை செய்யப்பட்டன. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் இல்லை. என்.பி.டி. என்ற புதிய நாஜிக் கட்சியைத் தடை செய்யும்படி கேட்ட வழக்கில், 2017-ல் நீதிமன்றம் சொன்னது: நோக்கம் அரசியல் சட்டத்துக்கு எதிரானதுதான், ஆனால் அதை நிறைவேற்றும் பலம் இந்தக் கட்சிக்கு இல்லை, தடை வேண்டாம். 2024-ல் அதன் அரசு நிதியை மட்டும் ஆறு ஆண்டுக்கு நிறுத்தியது. ஏ.எஃப்.டி.யை 2025 மே மாதம் ‘உறுதி செய்யப்பட்ட தீவிரவாதம்’ என்று வகைப்படுத்திய உளவு அமைப்பு, கட்சி வழக்குப் போட்டதும் சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தது. ஐந்தில் ஒருவர் ஓட்டுப்போடும் கட்சியைத் தடை செய்வது, சின்னக் குழுவைத் தடை செய்வது போல் ஆகாது. சிறிதாக இருக்கும்போது தடை தேவையில்லை, பெரிதானபின் தடை எளிதில்லை. இந்த முடிச்சை யாரும் இன்னும் அவிழ்க்கவில்லை.

இந்த அதிகாரம் தவறிப் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சேலத்திலேயே இரத்த சாட்சி இருக்கிறது. குடியரசு பிறந்து 16 நாள். 1950 பிப்ரவரி 11. சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். நாட்டைத் தீவிரவாதத்தில் இருந்து காப்பாற்றுகிறோம் என்ற பெயரில்தான் அவர்களைப் பிடித்து அடைத்திருந்தார்கள். அதே ஆண்டு சென்னை அரசு மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. 1952-ல் வி.ஜி. ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. சங்கம் அமைக்கும் உரிமையை அரசின் சொந்தத் திருப்தியை மட்டும் வைத்துப் பறிக்க முடியாது, நீதிமன்ற ஆய்வு வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். வலதோ இடதோ, தடை கேட்பவர்கள் இந்த இரண்டையும் படித்துவிட்டுக் கேட்பது நல்லது.

கிரேக்கம் வேறு வழியில் போனது. ‘பொன் விடியல்’ என்ற புதிய நாஜிக் கட்சி, பொருளாதார நெருக்கடியில் 2012-ல் 7 சதவீதம் அளவுக்கு ஓட்டு வாங்கி நாடாளுமன்றத்துக்குள் வந்தது. அதன் ஆட்கள் தெருக்களில் குடியேறிகளை அடித்தார்கள். 2013 செப்டம்பரில் பாவ்லோஸ் ஃபிஸ்ஸாஸ் என்ற பாடகரைக் குத்திக் கொன்றார்கள். அரசு கட்சியின் கொள்கையை விசாரிக்கவில்லை, குற்றத்தை விசாரித்தது. யார் குத்தினான், யார் அனுப்பினார், ஆணை எந்த வழியாக வந்தது என்று தொலைபேசிப் பதிவுகளையும் சாட்சிகளையும் வைத்து ஐந்தரை ஆண்டு வழக்கு நடத்தினார்கள். 2020 அக்டோபர் 7 அன்று, கட்சியின் தலைமை ஒரு குற்றக் கும்பலை நடத்தியது என்று தீர்ப்பு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே மக்கள் அதை நாடாளுமன்றத்தில் இருந்து வெளியேற்றியிருந்தார்கள். என் பார்வையில் இதுதான் சரியான பாதை. கருத்தைக் கருத்தாக எதிர்க்க வேண்டும், குற்றத்தை மட்டும் தலைவர் வரை துரத்த வேண்டும்.

ஓமலூர்

‘தீவிர வலதுசாரி’ என்ற ஐரோப்பியச் சொல் நம் ஊர் அமைப்புகள் எதற்குப் பொருந்தும் என்று கட்சிப் பெயர்களை வைத்துச் சண்டை போடலாம். அதைவிட, மேலே சொன்ன ஐந்து வரிக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது பயன். பிறப்பால் உயர்வு, நம் பெண்களைத் தூக்கிப்போகிறார்கள், நம் எண்ணிக்கை குறைகிறது, நீதிமன்றம் விலைபோய்விட்டது. எந்த மதமானாலும் எந்தச் சாதியானாலும் ஒரு மேடையில் இவை சேர்ந்து ஒலித்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி, பட்டியல் சாதி இளைஞர், உடன் படித்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வேறு சாதி. ஒரு சாதி அமைப்பின் நிறுவனரும் அவருடைய ஆட்களும் வந்து விசாரித்து, இளைஞரைக் கூட்டிப்போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் உடல் கிடந்தது. தற்கொலை என்று காட்ட ஏற்பாடு. தலைமறைவாக இருந்த அந்த நிறுவனர் வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளை விட்டுக்கொண்டே இருந்தார். அவை கைபேசி கைபேசியாகப் போயின. சாதியைக் காக்கவந்த வீரன் என்று கொண்டாடியவர்கள் இருந்தார்கள். மேற்கு மாவட்டங்களில் ஓட்டுக் கணக்குப் போட்டு வாய் திறக்காமல் இருந்த பெரிய மனிதர்களும் இருந்தார்கள். ஃபான் பாப்பன் ஜெர்மனியில் மட்டும் பிறப்பதில்லை.

சட்டத்தில் கருவிகள் இருக்கின்றன. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கும்பல் வன்முறையைத் தடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்கச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவு பகைமூட்டும் பேச்சைத் தண்டிக்கிறது. 103-வது பிரிவு, சாதி, இனம், மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொலை செய்தால் ஆயுளோ மரண தண்டனையோ என்கிறது. ‘பிறந்த இடம்’, ‘மொழி’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ஓட்டலில் மேசை துடைக்கும் பிகார் பையனுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

ஓமலூர் வழக்கில் முக்கிய சாட்சியே பிறழ்சாட்சி ஆனார். கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு மட்டும் மாறவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் அந்த நிறுவனர் உட்பட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில், பதிவு நம்பத்தகுந்ததா என்ற வாதம் எழுந்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்கு நேரிலேயே போனார்கள். கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தார்கள், உடல் கிடந்த ரயில் பாதைக்கும் போனார்கள். அந்த ஆண்டு ஜூன் 2 அன்று, நிறுவனரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள்.